முகப்பு விளக்கு எரியாமை குறித்து

குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் பிக்கப் வண்டிக்கு வயது இருபத்திரண்டு. அலுவலக வண்டிகளின் வயதை மனிதக் கணக்கில் சொல்வதானால் தொண்ணூற்று நான்கு. இடப்பக்கக் கதவு வெளியிலிருந்து மட்டும் திறக்கும். வலப்பக்கக் கதவு திறக்கும், மூடுவதற்குத்தான் இருவர் வேண்டும். இருந்தாலும் ஊரில் எந்தக் குழாய் உடைந்தாலும் குழாய்களையும் மண்வெட்டிகளையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்துவிடும். ஒரு நாள் அதன் முகப்பு விளக்குகள் இரண்டும் ஒருசேர எரியாமல் போயின.

ஓட்டுநர் பழைய கை. பல்பைக் கழற்றிப் பார்த்தார், இழை அறுந்திருக்கவில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. சுவிட்சைப் போட்டால் ரிலே 'டிக்' என்றது. சோதனை விளக்கை வைத்துப் பார்த்தபோது பல்பு வரைக்கும் மின்சாரம் வந்துகொண்டுதான் இருந்தது. வந்த மின்சாரம் திரும்பிப் போக வழியில்லை, அவ்வளவுதான். பேட்டரிக்குப் பக்கத்தில், வண்டியின் உடம்போடு எர்த் கம்பியை இணைக்கும் நட்டில் துரு ஏறியிருந்தது. உப்புத்தாளால் தேய்த்து நட்டை முறுக்கினார். விளக்குகள் எரிந்தன. மொத்தம் பத்து நிமிடம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பாக, கடமை உணர்ச்சியில், அவர் ஒரு காரியம் செய்திருந்தார். லாக் புக்கில் 'முகப்பு விளக்குகள் எரியவில்லை' என்று எழுதிவிட்டார்.

தலைமை எழுத்தர் அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

"பேனாவுலயா எழுதினீங்க?"

"பேனாவுலதான் சார். ஆனா இப்ப எரியுது. எர்த்துல துரு. தேய்ச்சு முறுக்கிட்டேன்."

"எரியுதா?" தலைமை எழுத்தர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அப்ப இது இன்னும் மோசம்."

"எரியறதா சார் மோசம்?"

"பதிவேட்டுல எரியாத விளக்கு வண்டியில எரியுதுன்னா, ஒண்ணு நீங்க பொய் எழுதியிருக்கணும். இல்ல, அனுமதி வாங்காம அலுவலகச் சொத்துல கை வச்சிருக்கணும். ரெண்டுக்கும் தனித்தனியா மெமோ இருக்கு. உங்களுக்கு எது சௌகரியம்?"

தலைமை எழுத்தர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"போய் நட்டைத் தளர்த்திட்டு வாங்க. வண்டிப் பழுதுக் குழு வந்து பாக்கட்டும். குழு பாக்கும்போது பழுது இருந்தாத்தானே பழுதுன்னு சொல்ல முடியும்?"

ஓட்டுநர் போய்த் தளர்த்திவிட்டு வந்தார். அவரைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாது. பன்னிரண்டு நாளில் வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். பதிவேட்டில் அந்த வரி தீராமல் நின்றால் சான்று கிடையாது. சான்று இல்லையென்றால் வண்டி கழிவு. வண்டி கழிவானால் அதன் ஓட்டுநர் 'உபரி'. உபரி ஆனவர்களை ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் உள்ள அணைக்கட்டு அலுவலகத்துக்கு அனுப்புவது வழக்கம். அவர் ஏற்கெனவே ஏழு வருடம் அங்கே இருந்தவர். மனைவி இந்த ஊர் மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறார். இருவரும் ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தே ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

குழு ஐந்தாம் நாள் கூடியது. தலைவர் உதவி இயக்குநர். அண்மையில்தான் மூன்று நாள் மேலாண்மைப் பயிற்சி முடித்துச் சான்றிதழோடும் தோள்பையோடும் திரும்பியிருந்தார். அன்றிலிருந்து அலுவலகத்தில் எதையும் யாரும் சரிசெய்வதில்லை, 'அணுகுகிறார்கள்'. உறுப்பினர்கள் இருவரில் ஒருவர் மேல்நிலைத் தொட்டி கட்டும் பொறியாளர். இன்னொருவர் கூட்டத்துக்கு ஆள் கணக்குச் சேர வேண்டும் என்பதற்காக வந்த கிடங்குக் காப்பாளர்.

ஓட்டுநர் ஒரு துண்டு வயரை எடுத்து, பேட்டரியின் எதிர்முனையிலிருந்து விளக்கின் எர்த்துக்கு நேராகக் கொடுத்துக் காட்டினார். விளக்கு எரிந்தது. எடுத்தார். அணைந்தது.

"பாருங்க சார். கோளாறு இந்த நட்டுலதான்."

"இது அறிகுறி," என்றார் உதவி இயக்குநர் புன்னகையோடு. "நாம தேடுறது மூலகாரணம். அஞ்சு தடவை 'ஏன்'னு கேட்டா மூலகாரணம் தானா வெளிய வரும். இப்ப எல்லா இடத்துலயும் இதுதான். ஏன் எரியல?"

"எர்த் இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"நட்டுல துரு."

"ஏன் துரு?"

"தண்ணி பட்டிருக்கு."

"ஏன் பட்டுது?"

"வெளியிலதானே சார் நிக்குது. மழையில நனையுது."

"ஏன்?" உதவி இயக்குநரின் குரல் தாழ்ந்தது. ஐந்தாவது கேள்வியை அப்படித்தான் கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

"மழை பெஞ்சா நனையத்தானே சார் செய்யும்?"

"எழுதிக்குங்க," என்றார் உதவி இயக்குநர். "மூலகாரணம், மழை."

"நட்டை முறுக்கிட்டா போதும் சார்," என்றார் ஓட்டுநர்.

"முறுக்கினா மழை நிக்குமா?"

தொட்டிப் பொறியாளர் இதைக் கேட்டுத் தலையசைத்தார். மழை தொட்டிக்கு வேண்டியது என்பதால் அதை அடியோடு நிறுத்துவதற்கு மட்டும் அவர் தம் மறுப்பைப் பதிவு செய்தார். மறுப்பு ஏற்கப்பட்டது. எனவே வண்டிக்குக் கூரை அமைக்கலாம் எனப் பரிந்துரைக்கப்பட்டது. கூரைக்கு வரைபடம் கோரப்பட்டது. வரைபடம் வரும்வரை வண்டியை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தபோது, அதுவரை வாயே திறக்காத கிடங்குக் காப்பாளர் சொன்னார்:

"பகல்ல மட்டும் ஓட்டட்டுமே சார். பகல்ல லைட் எதுக்கு?"

உதவி இயக்குநர் எழுந்து அவர் கையைக் குலுக்கினார்.

பன்னிரண்டாம் நாள் தகுதிச் சான்று அதிகாரி வந்தார். குழுவின் அறிக்கையைப் படித்துவிட்டு, முகப்பு விளக்கு என்ற கட்டத்தில் 'பொருந்தாது' என்று எழுதிக் கையொப்பமிட்டார். பொருந்தாத உறுப்பைச் சோதிக்க வேண்டியதில்லை. வண்டி தேறியது. ஓட்டுநர் உபரியாகாமல் தப்பினார். அன்று மாலை மனைவிக்குப் பிடித்த இனிப்பு வாங்கிப் போனார்.

சான்றோடு மூன்று நிபந்தனைகள் வந்தன. மாலை ஆறு மணிக்கு வண்டி எங்கே இருக்கிறதோ, காலை ஆறு வரை அங்கேயே நிற்க வேண்டும். பொருந்தாத விளக்கு எரிவது முறைகேடு ஆகையால் நட்டைத் தளர்ந்த நிலையிலேயே பராமரிக்க வேண்டும். வாரந்தோறும் ஓட்டுநர் 'இந்த வாரமும் எரியவில்லை' என்று உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

முதல் வாரம் சந்தையின் நடுவே ஆறு மணி அடித்தது. வண்டி அங்கேயே நின்றது. வெங்காய வியாபாரி அதன்மேல் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு, இடம் வசதியாக இருக்கிறது, தினமும் வரலாமே என்றார். இரண்டாம் வாரம் நீதிமன்ற வாசலில் நின்றது. மாலைக்குப் பின் உடைந்த குழாய்கள் விடியும்வரை ஓடின. ஊர் முதலில் முணுமுணுத்தது. பிறகு வாளி வைத்துப் பிடித்துக்கொண்டது.

நான்காம் வாரம் வண்டி ஓட்டுநரின் தெருவிலேயே நின்றது. ஆறேகாலுக்கு அதே தெருவில், வண்டிக்குப் பத்தடி தள்ளி, பெரிய குழாய் வெடித்தது. தண்ணீர் ஆளுயரம் எழும்பி அவர் வீட்டு வாசற்படி ஏறியது. அடைக்கும் வால்வு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, தொட்டியடியில் இருக்கிறது. அதைத் திருகும் ஆறடி இரும்புச் சாவி வண்டியின் பின்னால் கிடந்தது. இருட்டிக்கொண்டு வந்தது. தெருவிளக்கு எரியவில்லை. அது வேறு குழுவின் பரிசீலனையில் இருந்தது.

"பத்து நிமிஷ வேலைன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் மனைவி, சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி.

"சொன்னேன்."

"அப்ப முறுக்குங்க. போய் வால்வை மூடிட்டு வாங்க. அரிசி மூட்டை நனையுது."

ஓட்டுநர் ஸ்பேனரை எடுத்தார். அணைக்கட்டு அலுவலகம் ஒரு கணம் கண்முன் வந்தது. அதைத் தள்ளிவிட்டு வண்டியின் மூடியைத் தூக்கினார்.

எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவசரப்படாதீங்க. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா உங்க வேலை என்ன ஆகறது? உங்க குடும்பம் மறுபடி பிரிஞ்சு நிக்கறதை நாங்க பாத்துக்கிட்டு இருப்பமா?"

"சாவியை ஆட்டோவுல ஏத்திடலாமே?" என்றார் பக்கத்து வீட்டுத் தையற்காரர்.

"அலுவலகச் சாவியைத் தனியார் ஆட்டோவுலயா?" என்றார் மாடி வீட்டு வங்கிக் காசாளர். தையற்காரர் வெட்கப்பட்டுப் போனார்.

"முறையா ஒரு மனு கொடுப்போம்," என்றார் தலைமையாசிரியர். "தெருவே கையெழுத்துப் போட்டா அவங்களால தட்ட முடியாது."

எல்லோருக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது. இத்தனை ஒற்றுமையை அந்தத் தெரு கண்டதில்லை. கணுக்கால் தண்ணீரில் நின்றபடி மனு தயாராயிற்று. மேற்படி வண்டியின் முகப்பு விளக்குகள் எரியாத காரணத்தால் பொதுமக்கள் படும் இன்னல்களைக் கருதி, அவற்றை எரியச் செய்ய ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டியது அது. ஆனால் கைபேசி வெளிச்சத்தில் போட்ட முதல் மூன்று கையெழுத்துகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"இது செல்லாது," என்றார் காசாளர். கையெழுத்து விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். "தம்பி, வண்டி லைட்டைக் கொஞ்சம் போடுங்களேன். ஓட்ட வேண்டாம். கையெழுத்துக்கு மட்டும்."

ஓட்டுநர் மனைவியைப் பார்த்தார். பிறகு குனிந்து நட்டை முறுக்கினார்.

தெருக்கோடி வரை பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. பொங்கும் தண்ணீர் வெள்ளிபோல் மின்னியது. நாற்பத்து மூன்று பேர் வரிசையில் நின்று, அந்த விளக்குகளின் முன்னால் காகிதத்தை நீட்டிப் பிடித்து, தெளிவாக, முழுப்பெயரோடு கையெழுத்திட்டார்கள். தலைமையாசிரியர் தேதி போட்டார்.

"எல்லாரும் போட்டாச்சா?" என்று கேட்டார் ஓட்டுநர், ஸ்பேனரும் கையுமாக.

"கொஞ்சம் இருங்க, நான் இன்னும் போடல," என்று மனைவி தண்ணீரில் சளப் சளப்பென்று நடந்து வந்து பேனாவை வாங்கினார். போட்டுவிட்டு, ஊதி உலர்த்தினார்.

"ம், ஆச்சு. அணைச்சிடுங்க."

அவர் நட்டைத் தளர்த்தினார்.