பத்து மணி மீட்டிங்

மீட்டிங் இனிமேல் கிடையாது என்று கேட்டு வருத்தப்பட்ட ஆள் இந்த உலகத்திலேயே ஒருத்தன்தான் இருப்பான். அவன் பெயர் ஹரிபிரசாத். வீடு ஆந்திர எல்லைக்குள் இருக்கிற நகரியில், விசைத்தறிகள் நாள் முழுக்கத் தடதடக்கிற ஒரு தெருவில். வேலை திருப்பதியில் ஒரு கம்பெனியில். வாரத்தில் ரெண்டு நாள் ரயிலேறிப் போய் ஆபீசில் உட்காருவான். மற்ற நாளெல்லாம் வீட்டிலேயே லேப்டாப்புதான்.

அந்த மற்ற நாட்களில் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை மீட்டிங் நடக்கும். இருபது பேர் சேருவார்கள். ரெண்டு பேர் பேசுவார்கள். மிச்சப் பேரில் ஹரிபிரசாத்தும் ஒருத்தன். கேமராவை அணைத்து, மைக்கை அணைத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தால் போதும், அந்த ரெண்டு மணி நேரத்துக்கு அவன் ராஜா. கேஸ் சிலிண்டர்காரன் வாசலில் கத்தினாலும் எழுந்திருக்க வேண்டாம். மாமனாரே வந்து நின்றாலும் காதைத் தொட்டுக் காட்டினால் தீர்ந்தது. மூணு வயசு மகள் ஹரிதா இட்லி மாவை எடுத்து சுவருக்குப் பூசினாலும் அதே காது, அதே விரல். மனைவி ஸ்ரீதேவி பாவம், மாவு வழித்துக்கொண்டே, "நைனாவுக்கு மீட்டிங்கு, சத்தம் போடாதே" என்று குழந்தையை அடக்குவாள்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் மேனேஜர் பவன்குமார் மண்ணைப் போட்டார். கர்னூல்காரர். எங்கேயோ ஒரு பயிற்சிக்குப் போனார். போனவர் சும்மா வரவில்லை, ஞானத்தோடு வந்தார். இனிமேல் அஜெண்டா இல்லாமல் மீட்டிங் கிடையாது. என்ன பேசப்போகிறோம், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிஷம் என்று முதல் நாள் சாயங்காலமே எல்லாருக்கும் வந்துவிடும். அஜெண்டாவில் பெயர் இல்லாதவன் வரவே வேண்டாம். முடிக்கும்போது எந்த வேலை யாருக்கு, எந்த தேதிக்குள் என்று சொல்லித்தான் முடிக்க வேண்டும்.

ரெண்டு மணி நேர மீட்டிங் கால் மணி நேரமாகச் சுருங்கியது. ஆபீசில் எல்லாரும் மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஹரிபிரசாத்துக்கு மட்டும் பூர்வீகச் சொத்தை யாரோ எழுதி வாங்கினாற்போல இருந்தது. அவன் பெயர் அஜெண்டாவிலேயே வருவதில்லை. மீட்டிங்குக்கு அவன் போனதும் ஒன்றுதான், போகாததும் ஒன்றுதான் என்பது இத்தனை வருஷம் கழித்து ஆபீசுக்கே தெரிந்துபோனது. பரவாயில்லை. ஆனால் ஸ்ரீதேவிக்குத் தெரிந்தால்?

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போதே அவன் ஒரு பெரிய முடிவுக்கு வந்தான். ஆபீசில் மீட்டிங் ஒழியட்டும். வீட்டில் ஒழியக்கூடாது.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கட்டிலில் சம்மணம் போட்டு, ஆளே இல்லாத மீட்டிங்கைத் தொடங்கினான். "செப்பண்டி சார்," என்று தெலுங்கில் மேனேஜரைப் பேசச் சொன்னான். எதிர்ப்பக்கம் ஒரு ஈ காக்கா இல்லை. முதல் நாள் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ரெண்டாம் நாள் பழகிவிட்டது. மூணாம் நாள் அவனுக்கே ருசி கண்டுவிட்டது. நிஜ மீட்டிங்கில் "எஸ் சார்" தவிர ஒன்றும் பேசியறியாதவன், இதில் பவன்குமாரையே ஒரு பிடி பிடித்தான். பவன்குமார் மன்னிப்புக் கேட்டார். "சரி விடுங்க சார், அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்று பெரிய மனசு பண்ணினான். ஒரு வாரத்துக்குள் தனக்குத் தானே ரெண்டு பிரமோஷன் கொடுத்துக்கொண்டான். களைத்துப் போனால் "ஊ... ஊ..." என்று கேட்டுக்கொள்வது போலக் கண்ணை மூடித் தூங்கினான்.

இந்த நேரத்தில்தான் ஸ்ரீதேவிக்கு ஒரு வேலை வந்தது.

பக்கத்துத் தெரு ருக்மணியக்கா தறிச் சேலைகளை வாட்ஸ்அப்பில் படம் போட்டு விற்கிறவள். சென்னையிலிருந்து பெங்களூர் வரைக்கும் ஆர்டர். சேலைக்குப் படம் எடுத்து, "விலை எவ்ளோ மேடம்" என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் போட்டு, பார்சல் கட்ட ஒரு ஆள் வேண்டும். ஹரிபிரசாத் வீட்டிலிருக்கிற நாட்களில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை வந்தால் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்ரீதேவி சரி என்று சொல்லாவிட்டால் எதிர்வீட்டுப் பெண்ணைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

ஸ்ரீதேவி ஓடிவந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் கல்யாணத்தன்றுகூட ஹரிபிரசாத் பார்த்ததில்லை. ரெண்டு மணி நேரம் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். ஹரிபிரசாத் நெற்றியைத் தடவினான். மற்ற எந்த நேரமாக இருந்தாலும் பார்த்திருப்பேன், பத்து டூ பன்னிரண்டு மூச்சு விடவே நேரமில்லை, கம்பெனியே என் தலைமேல்தான் நிற்கிறது என்று வருத்தமாகச் சொன்னான்.

"பெரிய மனுஷங்க கூட நாலு வார்த்த பேசி எத்தினி நாளாச்சு தெரியுமா?" என்றாள் ஸ்ரீதேவி. "நாளெல்லாம் இதுகிட்ட யான வருது, ஆட்டுக்குட்டி வருதுன்னே பேசிகினு கீறேன். நேத்து காய்காரன் கிட்டயே கத்திரிக்கா குட்டி எவ்ளோன்னு கேட்டுட்டேன்."

"நான் இன்னா பண்றது தேவி. மீட்டிங்காச்சே."

அவள் சண்டை போடவில்லை. சரி என்று உள்ளே போய்விட்டாள். இத்தனை சுலபமாக ஒரு பெண் சரி என்று சொன்னால் எந்தப் புருஷனும் அன்றைக்கே ஜாக்கிரதையாக வேண்டும். ஹரிபிரசாத் ஜாக்கிரதையாகவில்லை. தூங்கினான்.

வியாழக்கிழமை சாயங்காலம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, இந்த மீட்டிங் மீட்டிங் என்கிறீர்களே, அதை எப்படித்தான் நடத்துவார்கள் என்று கேட்டாள். மனைவி தன் வேலையைப் பற்றி ஆசையாகக் கேட்பது அவன் கேள்விப்படாத சங்கதி. உற்சாகம் தாங்கவில்லை. பவன்குமாரின் ஞானம் முழுவதையும் தன் சொந்த ஞானம் போலக் கொட்டினான். அஜெண்டா வேண்டும். ஒரு ஐட்டத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளி, ஒரு தேதி. வளவளவென்று இழுக்கக் கூடாது. ஆட்சேபம் இருக்கிறவன் அங்கேயே வாயைத் திறந்து சொல்ல வேண்டும், பேசாமல் இருந்தால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம்.

"நல்லா கீது," என்றாள் ஸ்ரீதேவி. கீரைக்காம்பை எல்லாம் ஒரு பக்கமாகக் கூட்டித் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. ஜன்னலோரக் காற்றில் ஹரிபிரசாத் உட்கார்ந்து, "ஆ, செப்பண்டி சார்" என்று ஆரம்பித்த நேரத்தில் ஸ்ரீதேவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் காதைத் தொட்டுக் காட்டினான்.

"நீங்க பேசிகினே இருங்க," என்றாள். "நான் என் மீட்டிங்க ஓரமா நடத்திக்கிறேன். ஐட்டம் நம்பர் ஒண்ணு. திங்கக்கெழமலேர்ந்து நான் ருக்மணியக்கா கிட்ட வேலைக்குப் போறேன். பொறுப்பு, ஸ்ரீதேவி. ஆட்சேபம் இருந்தா சொல்லலாம்."

ஹரிபிரசாத் வசமாக மாட்டிக்கொண்டான். பதில் சொன்னால் மீட்டிங் பொய். சொல்லாவிட்டால் ஐட்டம் பாஸ். ஒரே ஒரு வழிதான் இருந்தது. லேப்டாப்பைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"குதரது சார், குதரது. அது முடியவே முடியாது. அந்த டைம்ல இங்க ஆள் பத்தாது சார்."

"ஐட்டம் ரெண்டு," என்றாள் ஸ்ரீதேவி. "அந்த ரெண்டு மணி நேரம் ஹரிதாவ பாத்துக்கறது. பொறுப்பு, ஹரிபிரசாத்."

"சார், சார், அந்த புராஜெக்ட்ட என் தலையில கட்டாதீங்க சார். ரொம்ப கஷ்டமான புராஜெக்ட்டு. ஒரு நிமிஷம் ஒரு எடத்துல நிக்காது."

"பதினோரு மணிக்கு ஒரு வாழப்பழம் குடுத்தா புராஜெக்ட்டு நிக்கும்."

"வாழப்பழமா? போன தடவ குடுத்தப்ப துன்னுச்சா சார் அது? என் சார்ஜர்ல இல்ல பூசிச்சு. அப்பால அந்தக் கையோட வந்து என் மூக்கப் புடிச்சிகினு தொங்குது சார். நான் ஒருத்தன் எத்தினின்னு சார் பாக்கறது?"

ஹரிதாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. கைதட்டிச் சிரித்தாள். "நைனா மூக்கு," என்றாள்.

"உங்க கர்னூல்காரருக்கு நம்ம ஊரு தமிழ் நல்லாவே புரியுது போல," என்றாள் ஸ்ரீதேவி.

"அவருக்கெல்லாம் புரியும், நீ கம்முனு இரு," என்று நேராக அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டான் ஹரிபிரசாத். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஹெட்போனைச் சரிசெய்கிறாற்போல ரெண்டு காதையும் தேய்த்துக்கொண்டான்.

அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஐட்டம் மூணு," என்றாள். "ஜன்னல்."

ஜன்னலுக்கு என்ன என்று அவன் திரும்பிப் பார்த்தான். நன்றாக அகலத் திறந்திருந்தது. எதிர்வீட்டு விசைத்தறிகள் நாலும் தடக்தடக் என்று அறைக்குள்ளேயே ஓடுவது போல ஓடிக்கொண்டிருந்தன.

"நெஜ மீட்டிங்குல உங்கள பேசச் சொன்னா இன்னா பண்ணுவீங்க? ஓடிப்போய் ஜன்னல சாத்துவீங்க. கதவ சாத்துவீங்க. அதுவும் பத்தாம போர்வைக்குள்ள பூந்துகினு எஸ் சார்னுவீங்க. வெளிய வரப்ப வேர்த்து ஊத்தும். இப்ப பாத்தா பத்து நாளா ஜன்னல தொறந்து வெச்சிகினு ரெண்டு மணி நேரம் ஜம்முனு பேசறீங்க. ஒருத்தர் கூட இன்னா சத்தம், ரயில் போவுதான்னு கேக்கல. அதான் இந்த ஐட்டத்துக்குப் பொறுப்பு யாருன்னு எனக்குத் தெரியல. நீங்களே சொல்லுங்க."

ஹரிபிரசாத் சொல்லவில்லை. பவன்குமாரும் ஒன்றும் சொல்லவில்லை. தறி மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஸ்ரீதேவி கொஞ்ச நேரம் மரியாதையாகக் காத்திருந்தாள். பிறகு எழுந்து நாற்காலியை இருந்த இடத்தில் போட்டாள். "யாரும் பேசல. மூணும் பாஸ். சீக்கிரமே முடிஞ்சிடுச்சு பாருங்க," என்று சொல்லி, குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்துவிட்டு ருக்மணியக்காவுக்குப் பதில் சொல்லப் போனாள். பவன்குமார் இந்த மீட்டிங்கைப் பார்த்திருந்தால் அவள் காலில் விழுந்திருப்பார்.

திங்கட்கிழமை. ஸ்ரீதேவி நல்ல சேலை கட்டி, பூ வைத்து, ஒன்பதே முக்காலுக்கே செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கேட்டைத் தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஹரிதா மட்டும் அவனைத் திரும்பிப் பார்த்தாள், சந்தைக்கு வந்த மாட்டைப் பார்க்கிறாற்போல.

ரெண்டு மணி நேரம்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று ஹரிபிரசாத் லேப்டாப்பைத் திறந்தான். முதல் நாள் சாயங்காலமே அஜெண்டா வந்திருந்தது. நம் பெயர் எங்கே இருக்கப்போகிறது என்று அவன் பிரித்தே பார்க்கவில்லை. முதல் ஐட்டம், ஹரிபிரசாத். அவன் பிரிவின் மூணு மாச வேலையை அவனே விளக்க வேண்டும். இருபது நிமிஷம். கேமரா கட்டாயம். கம்பெனி முதலாளியும் வருகிறார்.

ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினான். ஹரிதா திறந்தாள். சாத்தினான். திறந்தாள். அவளுக்கு அது நல்ல விளையாட்டாகப் பட்டது. வாழைப்பழம் கொடுத்தான். பாதியைத் தின்றாள், பாதியை அவன் சட்டைக் காலரில் வைத்தாள். போர்வைக்குள் புகுந்தான், அவளும் புகுந்தாள். திரையில் பவன்குமார் முகம் வந்தது. பக்கத்தில் முதலாளி முகம் வந்தது. போர்வைக்குள்ளிருந்து ரெண்டு தலை வந்தது. தறி சத்தத்துக்கு மேலே, "ரயிலா?" என்று முதலாளி தெலுங்கில் விசாரித்தார். ஹரிதா முதலாளிக்கு நாக்கைக் காட்டினாள்.

"ஒக்க நிமிஷம் சார்," என்று மைக்கை அணைத்துவிட்டு ஸ்ரீதேவிக்குப் போன் போட்டான். பக்கத்துத் தெருதான். ஓடிவந்தால் ரெண்டு நிமிஷம். வேலை போனால் போகட்டும் என்று இருக்க முடியுமா? மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தது ருக்மணியக்கா.

"அக்கா, கொஞ்சம் தேவிய கூப்புடுங்க. அவசரம். நெஜமாவே மீட்டிங்கு," என்றான்.

"தேவி இப்ப வர முடியாதுப்பா," என்றாள் ருக்மணியக்கா. "மீட்டிங்குல கீறா. பன்னெண்டு மணிக்கு மேல பேசு."

போனை வைப்பதற்கு முன்னால் பின்னாலிருந்து நாலைந்து பெண்கள் சிரிக்கிற சத்தமும், "அந்த மொளகா பஜ்ஜிய இப்படித் தள்ளுங்கடி" என்று ஒரு குரலும் அவன் காதில் விழுந்தன. குரல் ஸ்ரீதேவியுடையது.