முத்துப்பேட்டையிலிருந்து ஒரு வயிற்றெரிச்சல் ஒலிபரப்பு

எனக்குப் பொறாமை ஜாஸ்தி. இதைச் சொல்ல வெட்கப்படவில்லை, ஏனென்றால் ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியவைத்ததும் நானேதான். நான் பக்கத்து வீட்டில் சொல்லி, அவள் நாலு பேரிடம் சொல்லி என்றெல்லாம் இல்லை. நேராக ரேடியோவிலேயே சொன்னேன்.

அப்போது தஞ்சாவூரில் தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்திருந்தது. மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒன்றில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் படித்த பிள்ளைகளெல்லாம் சென்னை, சிங்கப்பூர் என்று பறந்துகொண்டிருக்க, நான் மட்டும் அதே நாற்காலியில் சுற்றிக்கொண்டிருந்தேன். (அவர்கள் மேலும் பொறாமைதான். அது தனிக் கதை.) எனக்கிருந்த ஒரே பெருமை ஹாம் ரேடியோ. அரசாங்கப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினால், வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் உலகத்தோடு பேசலாம். வயர்லெஸ் என்றாலே போலீஸ்தான் என்று நினைத்திருந்த என் மாமியார், லைசென்ஸ் வந்த நாளிலிருந்து என்னைக் கொஞ்சம் பார்த்துத்தான் திட்டினார்.

முத்துப்பேட்டை ஷாகிதா என்னோடு பரீட்சை எழுதியவள். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவள். முதல் தடவையிலேயே பாஸ். நான் இரண்டாவது தடவை. அதைக்கூட மன்னித்துவிட்டேன். ஆனால் ஷார்ஜாவில் கடை வைத்திருந்த அவளுடைய காக்கா (அவர்கள் வீட்டில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்) லீவில் வரும்போது, கஸ்டம்ஸில் தங்கச்சியின் லைசென்ஸைக் காட்டிப் புத்தம்புது ஜப்பான் ரேடியோவைக் கொண்டுவந்து கொடுத்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. எனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான், மன்னார்குடியில். தீபாவளிக்கு மிக்சர் கொண்டுவருவான்.

என் ரேடியோ நானே சால்டரிங் செய்து, ஒரு அலுமினியப் பெட்டிக்குள் திணித்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஹாம் கூட்டம் ஒரே அலைவரிசையில் கூடும். நெட் என்போம். அதை நடத்தியவர் வலங்கைமானில் ரைஸ்மில் வைத்திருந்தவர். எங்களுக்கு வலங்கைமான் சார். யார் பேசினாலும், சத்தம் எப்படி வருகிறதென்று மார்க் போடுவார். ஃபைவ் நைன் என்றால் முழு மார்க். எனக்கு எப்போதும் "தஞ்சாவூர், ஏதோ லேசா கேக்குதும்மா" தான். ஷாகிதா புது ரேடியோவில் வாயைத் திறந்த முதல் நாளே ஃபைவ் நைன் வாங்கிவிட்டாள். அதோடு போச்சா? அதுவரை என்னை முதலில் கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன், மறுவாரத்திலிருந்து "முத்துப்பேட்டை வந்தாச்சா?" என்றுதான் நெட்டையே ஆரம்பித்தார். எனக்குக் காதில் புகை வந்தது.

அந்த நேரத்தில்தான் ஒரு மென்பொருள் கண்ணில் பட்டது. ரேடியோவையும் கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்துவிட்டால், குமிழைத் தொடாமல் கீபோர்டிலேயே அலைவரிசையை மாற்றலாம். பல நாட்டு ஹாம்கள் சேர்ந்து இலவசமாக எழுதியது. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். ஒரு ரேடியோ மாடலை முதலில் சோதித்துச் சொல்கிறவரின் பெயரை அந்த மென்பொருளோடேயே சேர்த்துவிடுவார்கள். ஷாகிதாவின் மாடலுக்கு நேராக 'இன்னும் யாரும் சோதிக்கவில்லை' என்றிருந்தது. பின்லாந்துக்காரர் ஒருவர் ஆள் கேட்டு மெயில் போட்டிருந்தார்.

உலகம் பூராவும் என் பெயர்! தேவை கம்ப்யூட்டர், லினக்ஸ், கேபிள், நாலு வரி இங்கிலீஷ். எல்லாம் என்னிடம் இருந்தது. ரேடியோ மட்டும் அவளிடம். அவளுக்கு ஒரு மெயில் முகவரிகூடக் கிடையாது. ரிப்போர்ட்டில் என் பெயரை மட்டும் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? (இவ்வளவு கேவலமாகவா யோசித்தாய் என்று கேட்காதீர்கள். ஆமாம்.)

போன் செய்ததும் ஷாகிதா குதித்தாள். ஞாயிற்றுக்கிழமையே வாங்க, உம்மாவை இடியாப்பம் செய்யச் சொல்கிறேன் என்றாள். விடிகாலையில் ஒரு வாடகை அம்பாசடரில் கிளம்பினோம். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்ட என் வீட்டுக்காரர், பட்டுக்கோட்டை ரோட்டுப் பள்ளம் ஒவ்வொன்றிலும் அதை இறுக்கிக் கட்டிக்கொண்டார். என்னைக்கூட அந்த மனுஷன் அப்படிப் பிடித்ததில்லை.

மாடி அறையில் ரேடியோவுக்குப் பூ வேலை செய்த துணி போர்த்தி வைத்திருந்தாள். கூட நின்று பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான்தான், இது கொஞ்சம் சிக்கலான வேலை, நீ போய் உம்மாவுக்கு ஒத்தாசையாக இரு என்று கீழே அனுப்பினேன். அவள் ரேடியோ, அவள் வீடு. அனுப்பினேன்.

இங்கே என் கேபிளைப் பற்றிச் சொல்லவேண்டும். மைக் பட்டனை அழுத்தினால்தான் ரேடியோ நம் பேச்சை வெளியே அனுப்பும். அந்த பட்டன் வேலையையும் கம்ப்யூட்டரே செய்யட்டும் என்று, கேபிளில் ஒரு ஒயரை அதிகமாக இழுத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. அதிகப்பிரசங்கித்தனம்.

ரேடியோவைப் போட்டேன். நெட் ஆரம்பிக்கும் நேரம். "முத்துப்பேட்டை வந்தாச்சா?" என்றது வலங்கைமான் சாரின் குரல். எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டது. அந்த எரிச்சலோடு மென்பொருளை ஓட்டினேன். ரேடியோவில் இருந்த அலைவரிசை எண் அப்படியே மானிட்டரில் வந்து நின்றது! கூடவே ஸ்பீக்கர் இரைச்சலும் சட்டென்று அடங்கியது. அடடா, எவ்வளவு நாசூக்கான மென்பொருள் என்று மெச்சிக்கொண்டேன்.

ஸ்பீக்கர் ஊமையானால் ரேடியோ வெளியே பேசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இது ஹாம் பரீட்சையின் அரிச்சுவடி. ரேடியோவின் நெற்றியில் சிவப்பு விளக்கு வேறு எரிந்துகொண்டிருந்தது. நான் மானிட்டரைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். மென்பொருள் கேபிளுக்குள் நுழைந்ததுமே என் அதிகப்படி ஒயரில் மின்சாரம் ஏறி, பட்டனை அழுத்தின மாதிரி ஆகிவிட்டது. மைக் கீபோர்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

நான் என் வீட்டுக்காரரிடம் ஆரம்பித்தேன். அண்ணன் ஷார்ஜாவில் இருந்தால் யாருக்குத்தான் ஃபைவ் நைன் வராது என்றேன். சால்டரிங் கம்பியை எந்தப் பக்கம் பிடிக்கவேண்டும் என்றாவது இவளுக்குத் தெரியுமா என்றேன். வலங்கைமான் சார் ரேடியோவைப் பார்த்து வழிகிறார், ஆளைப் பார்த்து இல்லை என்றேன். என் வீட்டுக்காரர், மெதுவாகப் பேசு, கீழே கேட்கும் என்றார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம்.

"கேட்டா கேக்கட்டும். ரிப்போர்ட்ல என் பேரு மட்டும்தான் போடப்போறேன். அவளுக்கு என்ன தெரியவா போவுது?"

மாடிப்படியில் காலடிச் சத்தம். ஷாகிதா வந்தாள், கையெல்லாம் மாவு. என்னைத் தாண்டிக் கையை நீட்டிக் கேபிளைப் பிடுங்கினாள். ஸ்பீக்கருக்கு உயிர் வந்தது. ஆனால் யாரும் பேசவில்லை. பிறகு வலங்கைமான் சார் தொண்டையைச் செருமினார்.

"தஞ்சாவூர்... ஃபைவ் நைன்மா. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் ஃபைவ் நைன்.

ஷாகிதா மைக்கை எடுத்தாள். இப்போது என் மானத்தை வாங்கப்போகிறாள், வாங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். "சார், முத்துப்பேட்டை பேசுறேன். டெஸ்ட் நல்லபடியா முடிஞ்சுது. கேபிள், கம்ப்யூட்டர் எல்லாம் அக்காவோடது. ரிப்போர்ட்ல அக்கா பேருதான் போவும். ஓவர்." மைக்கை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இடியாப்பம் ஆறிடும், வாங்கக்கா" என்றாள். இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கீழே சமையல்கட்டு அலமாரியில் ஒரு குட்டி ரிசீவர் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சமைத்துக்கொண்டே நெட் கேட்பதற்காக அவளே சால்டரிங் செய்தது. ஒவ்வொரு இணைப்பும் முத்து முத்தாக இருந்தது. என்னுடையதைவிடச் சுத்தம். உம்மாவும் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ஒன்றும் கேட்காதவர் போல, நல்லா சாப்பிடும்மா என்று தேங்காய்ப்பால் ஊற்றினார். நான் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். என் வீட்டுக்காரர் கூச்சமே இல்லாமல் மறு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

கிளம்பும்போது அவள் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன்.

"ரேடியோ மேலதானே கோவம், என் மேல இல்லையேக்கா?" என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் காலையில் அவ்வளவு உண்மையைக் கொட்டியபிறகு வாய் வரவில்லை. "உன் மேலயும்தான்" என்றேன். ஷாகிதா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது. வண்டியில் ஏறிய பிறகு, இவ்வளவு பெருந்தன்மை இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அதற்கும் வயிறு எரிந்தது.

மறுநாள் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுதினேன். முதலில் அவள் பெயர், அடுத்தது என் பெயர். மென்பொருளை ஓட்டியதும் சில ரேடியோக்கள் தானாக ஒலிபரப்ப ஆரம்பிக்கலாம், கேபிளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்தேன். பின்லாந்துக்காரர் நன்றி சொல்லிவிட்டு, இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார். வெகுநேரம் எழுதி எழுதி அழித்துவிட்டு, 'மற்றவர்கள் கேட்டுச் சொன்னார்கள்' என்று அனுப்பினேன். அந்த எச்சரிக்கை மென்பொருள் குறிப்பில் ஏறிவிட்டது. எந்த நாட்டுக்காரன் படித்தாலும் ஏதோ தொழில்நுட்ப விஷயம் என்றுதான் நினைப்பான்.

வீட்டில்தான் விமோசனம் இல்லை. நாத்தனார் வாங்கின ஃபிளாட், எதிர்வீட்டுக்காரியின் புது வளையல் என்று நான் வாயைத் திறந்தால் போதும், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் "ஃபைவ் நைன்" என்பார். அப்போது பிறக்காத என் மகளும் சொல்கிறாள். போன மாதம் ஒரு நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் போட்ட நகையை நான் எடைபோட ஆரம்பித்ததுமே, பந்தியில் உட்கார்ந்திருந்த மொத்தக் குடும்பமும் சேர்ந்து சொன்னது.

ஷாகிதா கல்யாணமாகி ஷார்ஜாவில் இருக்கிறாள். சமீபத்தில் அங்கே இன்னும் பெரிய ரேடியோ ஒன்று வாங்கினாள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே எனக்குப் போன் செய்து மாடல் பெயரைச் சொன்னாள். "எனக்கு வயிறு எரியுதுடி" என்றேன்.

"தெரியும்க்கா. அதான் முதல் போன் உங்களுக்கு" என்றாள்.