சொல்லுக்கு ஒரு சேலை

சாலை மறியலைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் காசிநாதன் வாத்தியார்தான்.

எண்பத்தேழு, செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல். தியாகதுருகத்திலிருந்து கள்ளக்குறிச்சி போகும் ரோட்டில் புளியமரங்கள் குறுக்கே படுத்துக் கிடந்தன. பஸ் இல்லை. பள்ளிக்கூடம் இல்லை. முக்கியமாக, ஜவுளிக்கடைக்குப் போக வழியில்லை.

மனைவி அமிர்தத்தின் தம்பிக்கு ஐப்பசியில் கல்யாணம். அதற்கு ஒரு பட்டுச்சேலை வேண்டும் என்று அவள் பொங்கலிலிருந்து கேட்கிறாள். வாத்தியாரும் பொங்கலிலிருந்து "பார்க்கலாம்" என்கிறார். மறியல் முடிந்தால் காலாண்டுப் பரீட்சை. பிறகு பேப்பர் திருத்தணும். ஐப்பசி தானாக வந்து போய்விடும்.

அவர் பழைய இங்கிலீஷ் சொல் சேர்ப்பவர். இங்கிலீஷ்காரனே தூக்கிப்போட்ட சொற்கள். அன்று காலை கிழிந்த துண்டோடு ஈஸிசேரில் சாய்ந்து, தலையணை கனத்துக்கு ஓர் அகராதியைப் பிரித்து வைத்திருந்தார்.

"இன்னா படிச்சிக்கினு இருக்கீங்க?" என்றாள் அமிர்தம்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிக் கேட்டதில்லை. மனுஷன் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

"துணி உடுத்தறதுக்கு எத்தினி சொல்லு இருக்கு தெரியுமா? க்ளாட். உடுத்தினதுன்னு அர்த்தம்."

"நீங்க வாயிலதான் உடுத்துவீங்க. என் சேலை?"

"கடை மட்டும் கண்ணெதிர்ல இருந்தா, சொல்லுக்கு ஒரு சேலை எடுத்துத் தருவேன். இன்னா பண்றது, மறியல்."

அமிர்தம் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். "ரங்கம்மா, வந்து சார் சொல்றத நீயும் கேளு."

ரங்கம்மாள் வந்தாள். எதிரே ரெண்டு பேர் நின்றதும் வாத்தியாருக்கு வகுப்பு நினைப்பு. எழுந்து நின்று, கொடுத்த வாக்கை இன்னொரு தடவை முழங்கினார்.

"ஒரு சொல்லுதானுங்களா?" என்றாள் ரங்கம்மாள். "சங்கராபுரம் வாத்தியாருக்கு மூணு தெரியுமாம்."

"அவன் கெடக்கறான். பிடைட், அலங்காரமா உடுத்தினது. ஸ்வேத்ட், சுத்திச் சுத்திப் போத்தினது. மேன்ட்டில்ட், மேல போர்வை போட்டது. இக்ளாட்..."

"அதுவும் க்ளாட்டும் ஒண்ணுதானுங்களே?" என்றாள் அமிர்தம்.

"ஒண்ணா? இது அதுக்குப் பாட்டன். எல்லாம் தனித்தனி. ஒண்ணுன்னு சொன்ன பையனை முட்டி போட வெச்சிருக்கேன்."

"ஆக அஞ்சு" என்று விரல் மடக்கினாள் அமிர்தம்.

வாசலில் சைக்கிள் மணி. கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக் கண்ணாயிரம். மறியலில் கடை பூட்டு. மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையோடு வந்திருந்தான். மரம் கிடந்த இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கினானாம்.

"அம்மா முந்தாநாளே சொல்லி அனுப்பிட்டாங்க சார்."

மூட்டை பிரிந்தது. கடை கண்ணெதிரில் இருந்தது.

வாத்தியார் தொண்டையைச் செருமினார். "அமிர்தம், யோசிச்சுப் பாத்தா ஸ்வேத்ட், மேன்ட்டில்ட் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்."

"அப்ப முட்டி போடுங்க."

எடுத்த ஐந்து சேலையில் ஒன்று, சாட்சிக்கு நின்ற ரங்கம்மாளுக்குப் போயிற்று. காலி மூட்டையை மடித்த கண்ணாயிரம் வாத்தியாரைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"சார் துண்டு கிழிஞ்சிருக்குதேம்மா. அவருக்கு எதுனா?"

"அவருக்கு இன்னாத்துக்கு?" என்றாள் அமிர்தம். "அகராதி இருக்குதில்ல, போத்திக்குவாரு."