முட்டத்து நரிமகள் வாய்காத்த படலம்

வாழி, ரெஜிஷா! முட்டத்துக் கடற்கரையின் மூன்றாம் தெருவிலே உப்புக்காற்றுக்கும் ஊர்வாய்க்கும் அஞ்சாது வளர்ந்த ஏந்திழையே, நர்சிங் மூன்றாமாண்டுத் தேர்வை ஓர் அரியருமின்றி வென்ற அருந்திறல் நங்கையே, இருபதுமுகப் பகடையை உள்ளங்கையில் உருட்டி ஈரேழுலகையும் நடுங்கவைத்த நரிமகளே, நின் புகழ் பாடப் புகுந்தேன். குறுக்கே யாரும் பேசாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும்.

சனிக்கிழமைதோறும் ரெஜிஷாவின் வீட்டு முன்னறையில் மூவர் கூடி ஆடும் ஆட்டமொன்று உண்டு. ஆளுக்கொரு வேடம் பூண்டு, வாயாலே கதை வளர்த்து, பகடையாலே விதி அறிந்து, காணாத கானகத்தில் கண்ட பூதத்தோடெல்லாம் பொருதும் ஆட்டம் அது. அவ்வுலகைப் படைத்தவனும் துடைப்பவனும் ஜெரிஷ். மாஸ்டர் என்பது அவன் பட்டம். ரெஜிஷாவுக்குப் பெரியம்மா மகனான அவன், வாரநாட்களில் நாகர்கோவிலில் செல்போனுக்குத் திரை மாற்றிக்கொண்டிருப்பான். அவளுக்கு ஏழு நிமிடம் பின்னால் பிறந்த இரட்டைத் தம்பி ஜெனின், வாளேந்திய பெருவீரன். நம் நாயகி, மானிட உருவெய்தத் தவங்கிடக்கும் நரி.

என்ன தவம், எதற்குத் தவம் என்பீரேல், சொல்கிறேன். பதினான்கு திங்களாக அந்தக் கற்பனைப் பேருலகின் சத்திரங்களுக்குள் வீரன் நெஞ்சுநிமிர்த்திப் புகுந்து ஆட்டுக்கால் கடிக்கும்போதெல்லாம், "நரிக்கு உள்ள அனுமதி இல்ல" என்று மாஸ்டர் மொழிய, இவள் வாலைச் சுருட்டிக்கொண்டு வாசலிலே கிடந்தாள். ஒருமுறையேனும் உள்ளே போய், நாற்காலியில் அமர்ந்து, தன் வாயாலே தனக்கொரு சாப்பாடு கேட்கவேண்டும். கற்பனைச் சாப்பாடுதான், ஆனால் வயிற்றெரிச்சல் நிஜம்.

அதற்குரிய மாயவேள்வி விதிநூலின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் உள்ளது. நரியானது தலையில் இலை தரித்து, சுடரை மும்முறை வலம்வந்து, சுடர் தானே அணையுமட்டும் மனிதமொழி ஒன்றும் பேசாதிருத்தல் வேண்டும். பேசினால் சாகுமட்டும் நரி. இரண்டாம் வாய்ப்பு கிடையாது. நரி செய்வதை ஆடுபவளும் செய்தே தீரவேண்டும் என்பது ஜெரிஷ் இட்ட கட்டளை. ஆகவே முற்பகல் பதினொன்றரை மணிக்கு, பின்வாசல் பலாமரத்துப் பிலாவிலையொன்றைக் கொண்டையில் செருகி, கல்லறைத் திருநாளுக்கு வாங்கி மிஞ்சிய மெழுகுதிரித் துண்டை ஏற்றி, மும்முறை வலம்வந்து, வாய்பூட்டி அமர்ந்தாள் நம் நரிமகள்.

வேள்வியைக் கலைக்கப் பூதம் வரும் என்பதும் விதி. பூதவேடத்தை ஜெனின் கேட்டு வாங்கிக்கொண்டான். பெற்ற தாய் வயிற்றில் ஒன்பது மாதம் கூடக் கிடந்தவனே பகைவனாய் எழுந்தால் யார்தான் என்ன செய்வது!

"ஏட்டி, கொண்டையில கரப்பான் ஏறுது, கேட்டியா?" என்று முதற்கணை தொடுத்தான். நங்கை அசைந்தாளில்லை. "நீ போட்ட ரீல்ஸுக்கு மொத்தம் நாலு லைக்காக்கும். அதுல ஒண்ணு நான், ஒண்ணு நீ" என்று நெஞ்சிலே வேல் பாய்ச்சினான். கண் சிவந்தாள், வாய் திறந்தாளில்லை. சபாஷ், நானாயிருந்தால் அந்த இடத்திலேயே கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன்.

அடுத்து எழுந்ததோ பூதமும் அஞ்சும் பெருங்குரல். அடுக்களையிலிருந்து அன்னை ஷிபா அழைத்தாள். "ஏட்டி ரெஜிஷா, தேங்காய் திருவித் தாறியா?" மறுமொழி இல்லை. இரண்டாம் முறை அழைத்தாள். இல்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று மூன்றாம் முறை சுவர் அதிர முழங்கினாள். அந்த வீட்டில் மூன்றாம் அழைப்புக்கு மறுமொழி சொல்லாமல் உயிரோடு இருந்தவர் அதுவரை எவருமில்லை. வியர்வை நெற்றியில் வழிய, பல்லைக் கடித்து, பகையும் பாசமும் ஒருங்கே பொறுத்து, பாறைபோல் வீற்றிருந்தாள் ரெஜிஷா. மெழுகுதிரியோ நகக்கண் அளவுதான் மிச்சம்.

ஐயகோ, அப்போதுதான் கோயிலில் நண்பகல் மணி அடித்தது!

அந்தக் கரையிலே மணியோசை கேட்டால் வலைபின்னும் கை நிற்கும். மீனுக்கு விலைபேசும் வாய் நிற்கும். கொண்டையைப் பிடித்த சண்டைகூட மூவேளைச் செபம் முடியுமட்டும் பொறுத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். மூவுலகின் அதிபதியாம் ஜெரிஷ் முதலில் எழுந்து சிலுவை வரைந்து செபத்தைத் தொடங்கினான். பூதம் எழுந்து கைகூப்பியது. நரியும் எழுந்தது. இவன் முன்னுரைக்க அவர்கள் பின்னுரைக்க, மாதாவுக்குரிய மங்கள வார்த்தையும் மும்முறை முறையாய்ச் சொல்லி, மூவரிலும் உரத்த குரலில் "ஆமென்" என்று முழங்கிவிட்டு, மீண்டும் அமர்ந்து வாயை இறுகப் பூட்டிக்கொண்டாள் நம் பேதை. சுடர் அணைந்தது. வென்றேன் என்று கையுயர்த்தினாள்.

"ஏட்டி!" என்று பூதம் துள்ளியது. "இவ்வளவு நேரம் நீயும் செபம் சொன்னியே!"

உயர்த்திய கையை இறக்கினாள் ரெஜிஷா.

"செபம் பேச்சாவுமாலே? ஜெரிஷண்ணந்தானே தொடங்கினான்!" என்று கதறினாள்.

ஜெரிஷுக்கும் மனது கேட்கவில்லை. பதினான்கு திங்கள் வாசலில் கிடந்த நரியல்லவா! விதிநூலை முன்னும் பின்னும் புரட்டி, அடிக்குறிப்பொன்றைக் கண்டெடுத்து, எழுந்து நின்று தீர்ப்புரைத்தான். "கேளுங்கள்! கருத்தோடு உரைப்பதே பேச்சு. கருத்தின்றி வாய் மட்டும் எழுப்பும் ஓசை விலங்கின் ஊளையோடு ஒக்கும்." பிறகு தாழ்ந்த குரலில், "சும்மா வாயால தான சொன்ன, மக்கா? ஆமாண்ணு ஒரு வார்த்த சொல்லு. நீ மனுஷி ஆயாச்சு" என்றான்.

உண்மையும் அதுவே. செபம் சொன்ன நேரமெல்லாம் அவள் கண்ணும் கருத்தும் மெழுகுதிரியில்தான் கிடந்தன. 'ஆமா' என்ற ஒரே சொல்லில் சத்திரக் கதவு திறக்கும், நாற்காலி வரும், ஆட்டுக்கால் வரும். சொல்ல வாயெடுத்தாள்.

வாசற்படியில் ஷிபா நின்றாள். கையில் அகப்பை.

"என்னவாக்கும் இவன் கேக்கியான்? மாதாகிட்ட சும்மாவா செபம் சொன்ன?"

குன்றம் இரண்டு மோதுகையில் இடைப்பட்ட குருவியாய், ஒருபுறம் பதினான்கு திங்கள் தவமும் மறுபுறம் அகப்பையும் நெருக்க, வஞ்சகப் பூதத்தை வென்றவள், மூன்றாம் அழைப்பை வென்றவள், அந்த ஆரணங்கு, தலையிலிருந்த பிலாவிலையை மெல்ல எடுத்து மடியில் வைத்தாள்.

"மனசோடதாம்மா சொன்னேன்."

அன்று மத்தியானம் ரெஜிஷா நரியாகவே உட்கார்ந்து சாளைமீன் குழம்பு ஊற்றிச் சோறு தின்றாள்.