கேரண்டிக்காரரும் வலது பக்கம் இழுக்கும் சைக்கிளும்

அன்றைக்கு அடி அண்ணாமலை கிராமத்தில், பிள்ளையார் கோயில் அரசமரத்தடியில் இருந்தவர்கள் இவர்கள்: நான், என் அப்பா, என் தங்கை வசந்தாவைக் கட்டிக்கொள்ள இருந்த குமரேசன், குமரேசனின் அம்மாவும் தாய்மாமனும், அப்புறம் நான் வேலை பார்த்த கடையில் சைக்கிள் பிரிவைக் கவனித்துக்கொண்ட கேரண்டிக்காரர். இவர்களுக்கு நடுவில் ரோஜா மாலை போட்டுக்கொண்டு ஒரு கிளிப்பச்சை நிறச் சைக்கிள். கல்யாணம் நடப்பதும் நிற்பதும் அந்தச் சைக்கிள் நடந்துகொள்வதைப் பொறுத்து இருந்தது. பாகம் பாகமாக வந்த அதைப் பூட்டி நிறுத்தியவன் நான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

கேரண்டிக்காரரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மட்டமான சாமானை மட்டம் என்று சொல்லியே விற்றுத் தீர்த்த வியாபாரி இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். வேறு யாராவது இருந்தால் அவர் இந்நேரம் பட்டினி கிடந்து செத்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலைக்கு ஒரு டிபார்ட்மெண்ட் ஸ்டோர் வந்தது. மூன்று மாடி. குண்டூசி, குக்கர், குடை, குழந்தைக்குத் தொட்டில் எல்லாம் ஒரே இடத்தில். ஜனங்கள் வாங்க வந்ததைவிட மாடிப்படி ஏறிப் பார்க்க வந்ததுதான் ஜாஸ்தி. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட எனக்கு அங்கே மூன்றாவது மாடியில் வேலை கிடைத்தது. அட்டைப்பெட்டிகளில் சைக்கிள் துண்டு துண்டாக வரும். அதைப் பூட்டி நிறுத்த வேண்டும். எப்படிப் பூட்டுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சாலையில் போகிற சைக்கிள்களைப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். பூட்டி முடித்த பிறகு ஒவ்வொரு தடவையும் இரண்டு நட்டு மிச்சமாகும். அந்த இரண்டு நட்டும் எங்கே இருந்திருக்க வேண்டும் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்காது.

"அது கம்பெனிக்காரன் தாராளமா குடுத்துருக்காண்டா" என்பார் கேரண்டிக்காரர். "எடுத்து டப்பால போடு."

அந்தச் சைக்கிளின் பெயர் எதற்கு. நல்ல கம்பெனி சைக்கிளைவிட நூறு ரூபாய் கம்மி, அதுதான் அதன் பெருமை. நூறு ரூபாயை எங்கே எங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று ஓட்டிப் பார்த்தால் தெரியும். பெயிண்ட் பளபளப்பாக இருக்கும். வேட்டியில் பட்டால் வேட்டியும் பளபளக்கும். மணி அடித்தால் தகர டப்பாவுக்குள் கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். அதுவும் அடிக்கிற அன்றைக்கு அது மூடியோடு இருந்தால்.

இந்தச் சைக்கிளைத்தான் கேரண்டிக்காரர் விற்றார். கடை கேரண்டி எதுவும் கொடுக்கவில்லை. ஆகவே அவரே கொடுத்தார்.

"பிரேக் நல்லா புடிக்குமாங்க?"

"புடிக்கும். நிக்காது."

"பெடல் எல்லாம் ஸ்ட்ராங்கா?"

"ரெண்டு மாசம். அப்பறம் இடது பெடல் கழண்டுடும். கேரண்டி."

சொன்னால் சொன்னபடி கழன்றுவிடும். பெடலைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஆள் மாடியேறி வருவார். சண்டைக்கு வருகிறார் என்று நான் பெட்டிகளுக்குப் பின்னால் ஒதுங்குவேன். அவரோ சந்தோஷமாக, "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு" என்பார். போகும்போது தன் மச்சானுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு போவார்.

இது எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. பிறகுதான் பிடிபட்டது. எங்கள் ஊரில் எந்த வியாபாரி எதைச் சொன்னாலும் ஜனங்கள் அதில் பாதியைக் கழித்துக்கொள்வார்கள். புடவைக்காரர் சாயம் போகாது என்றால் பாதி போகும் என்று அர்த்தம். அதே கணக்கைக் கேரண்டிக்காரருக்கும் போட்டார்கள். இவ்வளவு மோசம் என்று இவரே சொன்னால், நிஜத்தில் அதில் பாதி மோசம்தானே இருக்கும். பாதி மோசத்துக்கு நூறு ரூபாய் கம்மி என்றால் யாருக்குக் கசக்கும்.

அவர் ஏன் இப்படி என்பதற்கும் காரணம் இருந்தது. சைக்கிள் பிரிவில் பெரிய ஜன்னல் ஒன்று. திறந்தால் கோபுரம், அதன் பின்னால் மலை. மலையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்லக் கூடாது என்பது அவருடைய சட்டம். பார்க்காமல் சொல்லலாமா என்று கேட்டேன். "தொழில்னு ஒண்ணு இருக்குல்ல" என்றார். பிளாஸ்டிக் குடம் விற்கும் பிரிவு பின்பக்கம், ஜன்னல் இல்லாத இடம். குடக்காரர் லீவு போட்ட நாட்களில் இவர் அங்கே போய் நிற்பார். அப்போது அவர் வாயில் வரும் பொய்களைக் கேட்டால் எனக்கே இரண்டு குடம் வாங்கத் தோன்றும். யானை மிதித்தாலும் உடையாத குடம், வெயில் காலத்தில் தானே தண்ணீரைக் குளிர வைக்கும் குடம். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது.

இதைக் கண்டுபிடித்த முதலாளி ஒரு நாள் சைக்கிள் பிரிவு ஜன்னலுக்குத் திரை போட்டார். மலை மறைந்தது. கேரண்டிக்காரர் சைக்கிளைப் புகழ ஆரம்பித்தார். பரம்பரைக்கும் உழைக்கும் என்றார். வந்தவர்கள் வழக்கம்போல பாதியைக் கழித்துக்கொண்டு கீழே இறங்கிப் போய்விட்டார்கள். ஒரு சைக்கிளும் போகவில்லை. முதலாளி தானே ஸ்டூல் போட்டு ஏறித் திரையைக் கழற்றினார்.

இந்த நேரத்தில்தான் ஒரு லோடு வந்தது. பூட்டி நிறுத்தினால் எல்லாம் வலது பக்கம் இழுக்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அத்தனையும் ஒரே மாதிரி கோணல். நேராகப் போக வேண்டுமென்றால் ஹேண்டில்பாரை இடது பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வாங்கிக்கொண்டு போய் மறுநாளே வந்தார்.

"ஏம்ப்பா, ஸ்கூலுக்குக் கெளம்புனா சந்தைக்குப் போவுது இது."

"சார், வாங்கறப்பவே சொன்னேனே. வலது பக்கம் வேலை இருக்கற அன்னிக்கு எடுங்க சார்."

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். கேரண்டிக்காரர் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் திருநீறும் ஒரு வெளிச்சமும் இருந்தன.

"டேய், இது பழுது இல்லடா. மலைய சுத்திட்டு வரேன். பாதி தூரம் கைய விட்டுட்டேன். அதுபாட்டுக்குத் திரும்பிக்கினே வருது. மலை வலது கைப்பக்கம், வண்டியும் வலது பக்கம். கிரிவலத்துக்குன்னே செஞ்ச சைக்கிள் இது."

"எதிர்ப்பக்கம் வந்தா?"

"வேலிதான். கேரண்டி."

இப்போது வசந்தா விஷயம். அவளுக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் வந்து நிச்சயமாகி நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளைக்குப் போட்ட கைக்கடிகாரம் ஓடாமல் நின்றுவிட்டது. அதைச் சகுனம் என்று சொல்லி அவர்களும் நின்றுவிட்டார்கள். கடிகாரம் மலிவுதான். அதன் பிறகு எங்கள் வீட்டில் வசந்தா நேரம் கேட்பதையே விட்டுவிட்டாள். குமரேசன் வீட்டார் வந்தபோது கேட்டது ஒன்றே ஒன்று: "பையன் டவுன்ல மண்டில கணக்கெழுதறான். போய் வர ஒரு சைக்கிள் போட்டுடுங்க." அப்பாவால் முடிந்தது எங்கள் கடைச் சைக்கிள்தான். கடையில் அப்போது மிச்சம் இருந்தது வலது பக்கம் இழுக்கும் லோடுதான். நான் அதைப் பிரித்துப் பூட்டி, மறுபடி பிரித்துப் பூட்டினேன். ஒவ்வொரு தடவையும் அதே இரண்டு நட்டு.

"மாப்ள எந்த ஊரு?" என்று கேட்டார் கேரண்டிக்காரர்.

"அடி அண்ணாமலை."

"மலைக்கு அந்தாண்டையா? அப்ப இந்த வண்டிதாண்டா அவுருக்கு. நானே ஓட்டிக்கினு வந்து குடுக்கறேன்."

அவர் வந்தால் பேசுவார். பேசினால் நிஜத்தைப் பேசுவார். அடி அண்ணாமலையில் எந்தப் பக்கம் நின்றாலும் மலை கண்ணில் படுமே.

நானும் அப்பாவும் பஸ்ஸில் போய் இறங்கினோம். அவர் செங்கம் ரோடு வழியாக, மலையை வலது பக்கம் வைத்துக்கொண்டு சைக்கிளில் வந்து சேர்ந்தார். மாலை ஹேண்டில்பாரை முழுக்க மூடியிருந்தது. மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய ரோஜா இருந்தது. மணி அவர் சட்டைப் பையில் இருந்தது.

தாய்மாமன் சைக்கிளைச் சுற்றி வந்தார். அவர் இருபது வருஷமாக ஒரே சைக்கிளை வைத்திருப்பவராம். டயரை அமுக்கினார், சீட்டைத் தட்டினார், மட்கார்டை விரலால் சுண்டினார். விரலில் ஒட்டிய பச்சையைப் பார்த்துக்கொண்டே கேரண்டிக்காரரிடம் திரும்பினார்.

"நீங்கதான் கடைக்காரரா? சொல்லுங்க. இது நல்ல வண்டிதானா?"

கேரண்டிக்காரர் மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

"அண்ணே, இந்தாண்ட நிழலா இருக்கு. இப்படித் திரும்பி நில்லுங்க."

"வெயில் என்னை இன்னாடா பண்ணும்" என்று கையை உருவிக்கொண்டார். பிறகு சொன்னார்: "நல்ல வண்டின்னு சொல்ல மாட்டேங்க."

அப்பா துண்டால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்து, துண்டை முகத்திலேயே வைத்துக்கொண்டார்.

"பெயிண்ட் ரெண்டு மழை தாங்கும். பெடல் ரெண்டு மாசம். பிரேக் உண்டு, அவசரத்துக்கு நம்பாதீங்க. வண்டி வலது பக்கம் இழுக்கும்."

"இன்னாய்யா இது," என்றார் தாய்மாமன், "சீர் குடுக்க வந்துட்டுக் குத்தம் படிக்கறீங்க?" எங்கள் யாருடைய பதிலுக்கும் காத்திருக்காமல் சைக்கிளில் ஏறினார். ஓட்டிப் பார்த்து, ஊர் முன்னால் அதன் மானத்தை வாங்கிவிட்டு, எங்களைத் திருப்பி அனுப்புவதாக உத்தேசம். தெருக்கோடி வரை போய் வருகிறேன் என்று இடது பக்கம் திருப்பினார். சைக்கிள் வலது பக்கம் போனது. அரசமரத்தையும் பிள்ளையார் கோயிலையும் சுற்றியது. அவர் பிரேக்கைப் பிடித்தார். சைக்கிள் இரண்டாவது சுற்று வந்தது. வேட்டி சங்கிலியில் மாட்டிக்கொண்டதால் இறங்கவும் வழியில்லை. அவர் பிரேக் பிடித்தது முதல் சுற்றில். அது நின்றது மூன்றாவது சுற்று முடிந்து, சரியாகப் பிள்ளையாருக்கு எதிரில்.

குமரேசனின் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டது பிள்ளையாரையா, சைக்கிளையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கேரண்டிக்காரர் குமரேசனைப் பார்த்துக் கேட்டார்: "மண்டிக்கு எப்படிப் போறீங்க தம்பி?"

"வடக்கால."

"வரப்ப?"

"அதே வழிதான்."

"இனிமே வரப்ப தெக்கால வாங்க. காலைல அரை சுத்து, சாயங்காலம் அரை சுத்து. தெனம் ஒரு கிரிவலம். மலை வலது பக்கம் இருக்கற வரைக்கும் இந்த வண்டி உங்களுக்கு ஒரு தொந்தரவும் குடுக்காது."

அம்மா குறுக்கே வந்தார். "ஏங்க, தெக்கால வர்ற வழிலதான் சீட்டாடற தோப்பு ஒண்ணு இருக்குது. சாயங்காலம் ஆனா எல்லாரும் அங்கதான் போய் உக்காந்துக்கறாங்க."

"எந்தப் பக்கம்மா?"

"இடது பக்கம்."

"அப்ப கவலய வுடுங்க."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் அங்கே போகிறவர் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா தன் தம்பியான தாய்மாமனிடம் திரும்பி, "வண்டி இருக்கட்டும்டா" என்றார். "அவுரே இவ்ளோ சொல்றாருன்னா, அதுல பாதிதான் இருக்கும்."

தாய்மாமன் சங்கிலியிலிருந்து வேட்டியை விடுவித்துக்கொண்டிருந்தார். அவர் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. குமரேசன் காலையில் வடக்கே போய் சாயங்காலம் தெற்கே வந்தார். மாதங்கள் போகப் போக ஊரில் அவருக்குப் பெரிய பக்தர் என்று பெயர் வந்துவிட்டது. மண்டி முதலாளி அவரை மட்டும் "வாங்க" என்று கூப்பிட ஆரம்பித்தார். குமரேசன் ஒரு தடவை தனியாக என்னிடம் சொன்னார்: "மச்சான், பக்தியும் இல்ல ஒண்ணும் இல்ல. இடது பக்கம் திருப்பினா தோள்பட்டை வலிக்குது." சீட்டாடும் தோப்பு அவரை மறந்தே போனது. அந்தச் சைக்கிள் எண்பதுகளில் நடுவழியில் இரண்டாக உடைந்தது. அப்போதும் மலை வலது பக்கம்தான் இருந்தது. பிறகு நல்ல கம்பெனி சைக்கிள் வாங்கினார். அதிலும் அதே வழியில்தான் போய் வருகிறார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மாலையைக் கழற்றி வண்டியை ஒப்படைத்த அந்தச் சாயங்காலம்தான். அப்பா பஸ் ஏறிவிட்டார். கேரண்டிக்காரர் ஏறவில்லை. "வரப்ப அரை சுத்து வந்துட்டேன். மிச்சத்த நடந்து முடிச்சுடறேன்" என்றார். நானும் கூட நடந்தேன். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரும் கொஞ்ச தூரம் போனோம். கவலையை எவ்வளவு நேரம்தான் அடக்குவது.

"அண்ணே, வசந்தா நல்லா இருப்பாளா?"

வலது பக்கம் திரும்பி மலையை நன்றாகப் பார்த்தார். "இருப்பா. கேரண்டி."

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் ஏன் நானாக இருக்கிறேன்.

"நான் பூட்டுன சைக்கிள் தாங்குமாண்ணே?"

அவர் நின்றார். காலில் முள் குத்தியதுபோல முகத்தைச் சுளித்துக் குனிந்தார். நிமிர்ந்தபோது வயல் பக்கமாகத் திரும்பியிருந்தார். மலை முழுவதும் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

"தாங்கும்டா" என்றார். "நீ பூட்டுனதாச்சே."