ஊசி அக்காவும் உலகத்து ராஜாக்களும்

எந்த நாட்டு ராஜாவையும் ஒரே வாக்கியத்தில் சிம்மாசனத்தை விட்டு இறக்கிவிடக்கூடியவர் கல்வராயன் மலையில் ஒருவர்தான் இருந்தார். மலைமேல் இருந்த சின்ன அரசு ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். எங்களுக்கெல்லாம் ஊசி அக்காதான்.

நான் அங்கே மருந்து கொடுக்கிற வேலையில் இருந்தேன். காலையில் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் ஏறிப் போய் சாயங்காலம் இறங்கிவிடுவேன். அக்கா மட்டும் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தார். அவ்வப்போது கள்ளக்குறிச்சிக்கு வந்து, பழைய பேப்பர் கடையில் ஒரு பை நிறையப் புத்தகம் அள்ளிப் போவார். எங்கோ மூடிப்போன பள்ளிக்கூடத்தின் நூலகத்தை அந்தக் கடைக்காரர் மொத்தமாக வாங்கியிருந்தார். நல்லதையெல்லாம் மற்றவர்கள் பொறுக்கிப் போனபிறகு மிஞ்சியது இரண்டே ரகம். ஒன்று, வெளிநாட்டு ராஜா ராணிகளின் வாழ்க்கை வரலாறு. மற்றது, பதினாறு வயதுப் பிள்ளைகள் உலகத்தைக் காப்பாற்றுகிற நாவல். எல்லாம் தமிழில் மொழிபெயர்த்தவை. அக்கா இரண்டையும் பாரபட்சமில்லாமல் படித்தார்; பாரபட்சமில்லாமல் திட்டினார்.

"இந்தாளுக்கு செருப்பு மாட்டி வுட மட்டும் நாலு பேரு தம்பி. தன் காலு எதுன்னு அவுருக்கே தெரிஞ்சிருக்காது. இதுக்கு இம்மாம் பெரிய புக்கா?"

நாவல்களின் மீது வேறு வகைக் கோபம்.

"எல்லாக் கதையிலயும் மொதப் பக்கத்துலயே அப்பா அம்மாவ சாவடிச்சிட்றானுங்க. பெத்தவங்க இருந்தா அந்தப் புள்ளைய தனியா காட்டுக்குள்ள வுடுவாங்களா? கதையே நின்னு பூடும் இல்ல."

ஒரு நாவலில் கதாநாயகன் வெளிறிய முகமும் சோகக் கண்களுமாக வந்தான். கதாநாயகி உருகினாள். அக்கா உருகவில்லை. "ரத்தசோகை. இரும்பு மாத்திரை குடுத்தா எழுந்து ஓடுவான்."

இந்த விமர்சனமெல்லாம் ஊசி போடும்போதுதான் நடக்கும். திட்டு தனக்கா ராஜாவுக்கா என்று நோயாளி யோசித்து முடிப்பதற்குள் ஊசி இறங்கி வெளியே வந்திருக்கும். சாமை விதைக்கிற ஒரு பெரியவர் காய்ச்சல் விட்ட பிறகும் மறுநாள் வந்து நின்றார்.

"அந்த ராஜாவோட ரெண்டாவது பொண்டாட்டி இன்னா ஆனா?"

"தெரியல பெரிப்பா. அந்தப் பக்கத்த கரையான் தின்னுப் பூட்ச்சி."

பெரியவர் சற்று யோசித்துவிட்டு, "பொறந்த வூட்டுக்குப் போயிருப்பா" என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு திருப்தியாக நடந்தார்.

ஒருமுறை மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். தடுப்பூசிப் பெட்டியின் மேல் ஒரு ராஜா, புத்தக அட்டையில் கிரீடத்தோடு கிடந்தார். இது என்ன என்று அதிகாரி முறைத்தார்.

"இவுருக்கு சுகர் சார். காலு புண்ணு ஆறவே இல்ல. அரண்மனையில யாரும் கவனிக்கலிங்க."

அக்கா விரித்துக் காட்டிய பக்கத்தை அதிகாரி நின்றபடியே படித்தார். "சுகர் இல்லம்மா, இது வாதம்" என்றார். அக்கா விடவில்லை. செத்துப்போன ஒரு ராஜாவின் காலைப் பிடித்துக்கொண்டு இருவரும் மதியச் சாப்பாடு வரைக்கும் சண்டை போட்டார்கள். ஆய்வு நடக்கவே இல்லை.

அதெல்லாம் சிரிப்பு. ஒரு மழைநாள் மத்தியானம் மட்டும் வேறு மாதிரி.

டாக்டர் ஏதோ கூட்டத்துக்காகக் கீழே போயிருந்தார். மல்லிகா என்ற பெண்ணைப் பிரசவ வலியோடு அவள் மாமியார் கூட்டிவந்தார். தலைப்பிரசவம். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தால், மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டி பாதியில் நிற்கிறது என்றார்கள்.

"என்னக் கீழ கொண்டு போயிடுங்கக்கா. பயமா இருக்குது" என்று மல்லிகா அழுதாள். நான் திரைக்கு வெளியே வெந்நீரோடு நின்றிருந்தேன்.

"நான் படிச்சிக்கினு இருக்கிற புக்குல ஒரு ராணிடி" என்றது அக்காவின் குரல். "அவுளுக்குப் புள்ள பொறக்கும்போது ரூமு பூரா மந்திரிங்க நின்னுக்கினு இருந்தானுங்களாம். புள்ளைய யாரும் மாத்திடக் கூடாதுன்னு சாட்சிக்கு. உனுக்கு அந்தத் தொல்லை இல்ல. மூச்ச நல்லா இழுத்து வுடு."

"ஆம்பளைங்களா?" வலிக்கு நடுவே மல்லிகா கேட்டாள்.

"எல்லாம் தாடி வெச்சவனுங்க."

"தொடப்பம் இல்லியா அந்த அரமனையில?" என்றார் மாமியார்.

அலறலும் சிரிப்பும் கலந்து ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. குழந்தை பிறந்துவிட்டது, ஆனால் அழவில்லை. அக்காவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே கிடையாது. உள்ளே துணியால் விடாமல் தேய்க்கிற சத்தம். பிஞ்சுப் பாதத்தைத் தட்டுகிற சத்தம். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு முனகல். அடுத்து ஆஸ்பத்திரியே அதிரும்படி ஒரு அழுகை.

மரத்தை வெட்டி அகற்றிவிட்டு ஆம்புலன்ஸ் வந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனது. அக்கா தரையைக் கழுவிவிட்டுப் பின்பக்கப் படியில் உட்கார்ந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"அது அழுவலன்னா இன்னா பண்ணியிருப்பேன் தம்பி" என்றார். டீயை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "நீங்கல்லாம் பஸ் ஏறிப் போனப்புறம் இங்க நான் ஒண்டிதான. எப்ப யாரு வலியோட வருவாங்களோன்னு காத கதவுலயே வெச்சிக்கினு இருப்பேன். எவனாவது ஒரு ராஜாவத் திட்டிக்கினு இருந்தா பயம் கொஞ்சம் கம்மியாவுது" என்றார்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"போ தம்பி. இத வுட்டா உனுக்கு வேற வண்டி இல்ல."

"அந்த மந்திரிங்கள ராணி வெளிய தொரத்துனாங்களா இல்லியா? அத சொல்லுங்கக்கா" என்றேன்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். பஸ் வளைவு வளைவாக இறங்கிப் போவது கேட்டது. நான் படியில் இன்னும் கொஞ்சம் வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.