கடை திறக்க இன்னும் ஒரே ஒரு விஷயம்தான்

கடை வைத்திருப்பவர்களை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். கடை திறக்கத் தயாராகிக்கொண்டிருப்பவரைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் வீட்டுக்குள்தான் போக வேண்டும். வாசலிலேயே காலணியைக் கழற்றி, கை கழுவி, பேரேட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு உள்ளே போனால், அங்கே ஒரு மேசை, அதன்மேல் தடிமனான ஒரு கோப்பு, அதன் ஓரத்தில் வண்ண வண்ணமாய் ஒட்டிய சீட்டுகள், அதற்குப் பின்னால் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியபடி அவர். இவருக்கு ஆயத்தக்காரர் என்று பெயர் வைப்போம்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறியைத் திட்டலாம், தண்ணீர் தெளித்து எழுப்பலாம். ஆயத்தக்காரரை என்ன செய்வது? உங்களுக்கு முன்பே எழுந்து வேலையில் உட்கார்ந்திருக்கிறாரே. அடுப்பு வாங்குவதற்கு முன் தீயணைப்பான் வாங்குவார். தீயணைப்பான் வாங்குவதற்கு முன் அதைப் பற்றி மற்றவர்கள் எழுதிய நானூறு கருத்துகளைப் படிப்பார். சமையல் மட்டும் நடக்காது.

குளிரில் உறையும் ஏரிக்கரை நகரமான டுலூத்தில் இருக்கும் வெர்லின் டோலஃப்ஸன் இந்த வகையில் முதல் தரம். முப்பத்தோரு வருடம் மாவட்டத்துப் பாலங்களைச் சோதிக்கும் வேலை பார்த்தவர். அவர் காலத்தில் ஒரு பாலம்கூட இடிந்து விழவில்லை. இது உண்மை. ஒரு பாலத்தை அவர் திறக்க அனுமதித்தபோது, அது மூடியிருந்த நாளில் பள்ளிக்கூட வேனில் சுற்றுப்பாதையில் போய்வந்த பிள்ளைகள் கல்லூரி முடித்திருந்தார்கள். அதுவும் உண்மை.

அவருடைய மனைவி ஆர்டிஸ் வேறு மாதிரி. முதியோர் இல்லத்தில் இருபத்தெட்டு வருடம் பராமரிப்பு உதவியாளராக இருந்தவள். படுத்த படுக்கையாக இருப்பவரைக் குளிப்பாட்டி, துடைத்து, உடை மாற்றி, போர்வையை இழுத்துவிட்டு அவள் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வேறொருத்தி அப்போதுதான் கையுறை தேடிக்கொண்டிருப்பாள். அந்த வேலை அவளுக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்தது. ஒன்று, இரண்டு முழங்காலிலும் தீராத வலி. இன்னொன்று, ஓர் அங்கி. முன்னால் பார்த்தால் சாதாரணப் பூப்போட்ட இரவு உடை. பின்பக்கம் முழுக்கத் திறக்கும், பிரஸ் பட்டன் வைத்தது. படுத்திருப்பவரைக் கையைத் தூக்கச் சொல்ல வேண்டாம், புரட்ட வேண்டாம், அழவைக்க வேண்டாம். ஆஸ்பத்திரி உடை மாதிரி மானத்தையும் வாங்காது. ஓய்வு பெற்றதும் நூற்றிருபது அங்கி தைத்துப் பின்னறையில் அடுக்கிவிட்டாள்.

அப்போது வெர்லின் சொன்னார், இன்டர்நெட்டில் விற்கலாம் என்று. வெளியூர்க்காரர்களும் வாங்குவார்கள், கார்டில் பணம் கட்ட ஒரு வழி செய்துவிட்டால் போதும், ஒரு வார வேலை. அவர் இதைச் சொன்னபோது ஏரியில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்தது. பிறகு கோடை வந்தது, போனது. மறுபடி ஏரி உறைந்தது. மறுபடி உடைய ஆரம்பித்தது. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

ஆர்டிஸ் கத்துகிறவள் அல்ல. கெடு வைப்பவள். இருவருடைய ஓய்வூதியத்தையும் குளிர்கால கேஸ் பில் துரத்திக்கொண்டிருந்தது. மே மாதம் முதல் தேதிக்குள் ஓர் அங்கியாவது விற்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்புவது என்று முடிவெடுத்தாள். வாரத்துக்கு நான்கு நாள், அதே கட்டில்கள், அதே தூக்குதல், அதே முழங்கால். டாக்டர் கூடாது என்றுதான் சொல்லியிருந்தார். இல்லத்திலிருந்து வந்த படிவத்தை நாலே நிமிடத்தில் நிரப்பினாள். கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு, மீன் வடிவக் காந்தத்தை வைத்து ஃபிரிட்ஜ் கதவில் மாட்டினாள். வெர்லின் பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறீர்களா? என்ன செய்யவில்லை என்று கேளுங்கள்.

கார்டுப் பணத்தை வாங்கித் தரும் நிறுவனங்கள் மூன்றை ஒப்பிட்டார். ஒவ்வொன்றும் நூற்றுக்கு எத்தனை பிடிக்கும் என்று தசமப் புள்ளிக்குப் பிறகு மூன்று இடம் வரை கணக்குப் போட்டு, இலையுதிர்காலம் முழுக்க மூன்றிலும் மாறி மாறிச் சேர்ந்து விலகி, கடைசியில் முதலில் சேர்ந்ததிலேயே சேர்ந்தார். பக்கத்தின் அடியில் போடும் பூட்டுப் படத்துக்கு ஒரு மாதம். பச்சைப் பூட்டு நம்பிக்கை தரும், சாம்பல் பூட்டு கௌரவம் தரும், எது வேண்டும்? ஆர்டர் வந்தால் அடிக்கும் மணியோசைக்கு இருபத்தாறு ஓசைகளைக் கேட்டுப் பார்த்தார். மணி தயார். அடிக்கத்தான் ஆளில்லை.

பொருளைத் திருப்பித் தருவதற்கான விதிகள் தனிக் காவியம். நாலு பக்கம். வாங்கியவர் மனம் மாறினால், அளவு தவறினால், துவைத்தபின் சுருங்கினால், பார்சலைக் கரடி கிழித்தால் என்று எல்லாவற்றுக்கும் உட்பிரிவு. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஹாட்டிஷ் என்ற சூடான இறைச்சி, உருளைக்கிழங்குப் பதார்த்தத்தை ஆறவிட்டு யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டிஸ், பார்சல் போய்ச் சேர்றதுக்குள்ள அந்தப் பெரியவங்க இறந்துட்டா என்ன பண்றது? அதுக்கு விதி எழுதணும்."

"காச திருப்பிக் கொடு."

"எத்தன நாளுக்குள்ள? சாட்சிக்கு என்ன காகிதம்?"

"செத்தா காச திருப்பிக் கொடு, வெர்லின். எழுதிக்கோ. சாப்பிடு."

அவர் எழுதிக்கொண்டார். ஆனால் அது ஐந்தாவது பக்கமாக வளர்ந்தது.

இதற்கெல்லாம் மேல் அந்தக் கேள்வித்தாள். கார்டில் பணம் வாங்கும் யாரும் வருடத்துக்கு ஒரு முறை நிரப்ப வேண்டிய பாதுகாப்புக் கேள்வித்தாள் ஒன்று உண்டு. வெர்லினுடையது போன்ற கடையில் கார்டு எண் அவர் கண்ணிலேயே படாது. எல்லாம் அந்த நிறுவனத்தின் பக்கம் நடந்துவிடும். எனவே பெரும்பாலான கேள்விகளுக்குப் 'பொருந்தாது' என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போகலாம். ஊரெல்லாம் அப்படித்தான் போகிறது. வெர்லினுக்குப் 'பொருந்தாது' என்பது கையாலாகாதவன் சொல்லும் பதில். 'முக்கியமான அறைக்குள் யார் யார் நுழைகிறார்கள் என்று பதிவு வைத்திருக்கிறீர்களா?' என்று கேட்டிருந்தார்கள். கோப்பு இருப்பது பின்னறையில். தையல் இயந்திரம் இருப்பதும் அங்கேதான். எனவே பின்னறைக்கு ஒரு பூட்டு, வாசலில் ஒரு பேரேடு, கயிற்றில் கட்டிய ஒரு பேனா. அந்தப் பேரேட்டில் நானூற்றுச் சொச்சம் வரிகள். பெயர்: ஆர்டிஸ். காரணம்: தையல். பெயர்: ஆர்டிஸ். காரணம்: தையல். நடுவே ஓரிடத்தில் அவருடைய கையெழுத்தில், பெயர்: பூனை. காரணம்: தெரியவில்லை.

எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "இன்னும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி." ஆயத்தக்காரர்கள் எல்லோரும் சொல்லும் வாக்கியம் இது. பொய் சொல்வதில்லை, கவனியுங்கள். எப்போதும் ஒரே ஒரு விஷயம்தான் பாக்கி இருக்கும். அது முடிந்ததும் வேறு ஒன்று வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும்.

ஜனவரியில் ஒருவழியாகக் கடையை இன்டர்நெட்டில் ஏற்றினார். யாரிடமும் சொல்லவில்லை, சோதனைக்காக மட்டும் என்றார். ஆனால் இல்லத்து அலுவலகப் பெண்கள் ஆர்டிஸைத் தெரிந்தவர்கள். கடையின் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதி, வருகிற குடும்பங்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். இது வெர்லினுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், கடை திறந்த இரண்டாவது வாரமே திருடர்கள் வந்துவிட்டார்கள் என்பதுதான்.

திருட்டு கார்டைக் கண்டுபிடிக்க அவர் விதிகள் வைத்திருந்தார். இன்டர்நெட்டில் மூத்த ஆயத்தக்காரர்கள் சொல்லிக்கொடுத்த விதிகள். கார்டுக்காரர் முகவரி ஒன்றும் பார்சல் போகும் முகவரி வேறொன்றுமாக இருந்தால் தடு. நள்ளிரவுக்கு மேல் வந்தால் தடு. முதல் தடவையே மூன்று நான்கு வாங்கினால் தடு. பத்து நாளுக்கு ஒருமுறை இரவுச் சாப்பாட்டில் அவர் முகம் மலரும். "இன்னிக்கும் ஒருத்தன் மாட்டினான்." ஆர்டிஸ் தலையாட்டிவிட்டு உருளைக்கிழங்கை மசிப்பாள். அங்கியை யாரும் தேடவில்லை என்று அவள் மெல்ல நம்ப ஆரம்பித்திருந்தாள். இருபத்தெட்டு வருடம் தெரிந்துகொண்டது தவறோ என்றுகூட ஒரு நாள் நினைத்தாள். அவள் அப்படி நினைப்பவள் இல்லை.

ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி காலை வீட்டுத் தொலைபேசி அடித்தது. நாட்டின் மறுகோடியில் இருக்கும் டூசான் நகரத்திலிருந்து ரெனே கோவல்சிக் என்ற பெண். அவளுடைய அம்மா டுலூத்துக்குப் பக்கத்து ஊரான ஹிப்பிங்கில் தனியாக இருக்கிறாள், இடுப்பு முறிந்து வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். இல்லத்தில் கேட்டு எண்ணை வாங்கினாளாம்.

"ரெண்டு தடவ பண்ணிப் பாத்துட்டேங்க. 'உங்கள் ஆர்டர் சந்தேகத்துக்குரியது'ன்னு வருது. எங்க அம்மாவுக்கு நைட்டி வாங்கறதுல என்னங்க சந்தேகம்?"

ஆர்டிஸ் பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் முயற்சி செய்யச் சொன்னாள். பிறகு பின்னறை வாசலுக்குப் போய் பேனாவை எடுத்தாள். பெயர்: ஆர்டிஸ். காரணம்: கோபம்.

கோப்பில் சிவப்புச் சீட்டு ஒட்டிய பகுதிக்கு 'பிடிபட்டவர்கள்' என்று தலைப்பு. பதினோரு வரிகள். பணம் கட்டியது அட்லாண்டா, பார்சல் போக வேண்டியது பெமிட்ஜி. பணம் கட்டியது டென்வர், பார்சல் போக வேண்டியது இதே டுலூத், இல்லத்து முகவரி, அறை எண்ணோடு. அதிகாலை இரண்டு மணி. மூன்றரை மணி. கடைசி இரண்டு வரிகளிலும் ரெனே கோவல்சிக். இத்தனை வருடம் இல்லத்துத் தொலைபேசியில் இவர்களிடம்தான் ஆர்டிஸ் பேசியிருக்கிறாள். 'அம்மா சாப்பிட்டாங்களா, தூங்கினாங்களா, என்னைக் கேட்டாங்களா' என்று தூரத்திலிருந்து கேட்கும் குரல்கள். கோப்போடு சமையலறைக்கு வந்தாள்.

"இவங்க திருடங்க இல்ல, வெர்லின். பொண்ணுங்க."

"முகவரி ரெண்டும் வேற வேற. அதான் முதல் அறிகுறி."

"அம்மா ஒரு ஊர்ல, பொண்ணு ஒரு ஊர்ல. இந்த நாட்டுல அதுக்குப் பேரு குடும்பம்."

"ராத்திரி மூணு மணிக்கு யாரு நைட்டி வாங்குவா?"

"மூணு மணிக்கு அம்மா ஃபோன் பண்ணி எழுப்பினவ வாங்குவா. திருடன் இத வாங்கி என்ன பண்ணுவான், சொல்லு. போட்டுட்டு ஓடினா பின்னாடி தொறந்துக்கும்."

வெர்லின் தடுமாறினார். எல்லாரையும் தடுக்கவில்லை, ஓர் ஆர்டர் எல்லா விதிகளையும் தாண்டி ஒழுங்காகப் போயிருக்கிறது என்றார். ஆர்டிஸ் பக்கத்தைப் புரட்டினாள். ஆமாம், ஒன்று இருந்தது. பணம் கட்டியவர் வி. டோலஃப்ஸன். பார்சல் போனது வி. டோலஃப்ஸனுக்கு, இதே வீட்டுக்கு. வாங்கியவர் கருத்தும் எழுதியிருந்தார். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

"ஒரு நட்சத்திரத்த ஏன் கொறச்ச?"

"பேக்கிங் சரியில்ல."

"பேக் பண்ணினது யாரு?"

வெர்லின் விதிகளை நீக்குவதற்கு முன் இன்னும் ஒரே ஒரு விஷயம் பார்த்துவிடலாம் என்று ஆரம்பித்தார். ஆர்டிஸ் ஃபிரிட்ஜில் இருந்த படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பேரேட்டுப் பேனாவைக் கயிற்றோடு இழுத்துக்கொண்டு வந்தாள். முழங்காலை ஒரு கையால் பிடித்தபடி நாற்காலியில் இறங்கி உட்கார்ந்து, பேனா முனையைக் கையெழுத்துக் கோட்டின்மேல் வைத்தாள். வைத்தபடியே அவரைப் பார்த்தாள்.

பாலம் சோதித்தவருக்குப் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரியாமல் போகுமா? கணினியைத் திறந்தார். முகவரி விதியை எடுத்தார். நேர விதியை எடுத்தார். எண்ணிக்கை விதியை எடுத்தார். பதினான்கு மாதத்து ஆயத்தத்தின் கடைசிப் பகுதிக்கு நாற்பது நொடி ஆனது. பிறகு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பூனை, பேரேட்டில் எழுதாமல், பின்னறைக்குள் போயிற்று.

இருபத்தாறு ஓசைகளில் தேர்ந்தெடுத்த அந்த மணி அடித்தது. நல்ல மணிதான், அதில் குறை சொல்ல முடியாது. மூன்று அங்கி, ஹிப்பிங்குக்கு. ஆர்டிஸ் பேனாவை மூடினாள். அங்கிகளை அன்றைக்கே, பேக்கிங் சரியாகச் செய்து, தபாலில் சேர்த்துவிட்டு வந்து மற்ற ஒன்பது பேரையும் தானே தொலைபேசியில் அழைத்தாள். ஆறு பேர் வாங்கினார்கள். இரண்டு பேருக்கு இனி அங்கி தேவையில்லை. அவர்களோடு பேசியதுதான் மற்றவர்களோடு பேசியதைவிட நீளம். ஓர் எண் மட்டும் உலகத்திலேயே இல்லாத எண்; கார்டும் யாருடையதோ. நிஜத் திருடன். அந்த வாரம் முழுக்க வெர்லின் போவோர் வருவோரிடமெல்லாம் சொன்னது இவனைப் பற்றித்தான்.

படிவத்தை ஆர்டிஸ் கிழித்துப் போடவில்லை. கையெழுத்தில்லாமல், மீன் காந்தத்தின் கீழ் இன்னும் அங்கேயே இருக்கிறது. அவர் இப்போது தபால் கட்டணத்தை ஆராயத் தொடங்கியிருக்கிறார்.

பாவம் ஆர்டிஸ் என்று சொல்லிக்கொண்டு சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். நீங்கள் செய்யப்போவதாக எல்லோரிடமும் சொன்ன அந்தக் காரியம் என்ன ஆயிற்று? அதற்காக வாங்கிய நோட்டு, அதற்காகப் படித்த புத்தகம், அதற்காக ஒதுக்கிய அலமாரி எல்லாம் சௌக்கியமா? உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் யாராவது ஒரு படிவத்தை மாட்டி வைத்திருக்கிறார்களா என்று எழுந்து போய்ப் பாருங்கள். இப்போதே. இதை இன்னொரு தடவை சரியாகப் படித்துவிட்டுப் போகிறேன் என்கிறீர்களா?

அப்படியானால் போய்ப் பார்க்க வேண்டாம். இருக்கிறது.